இடது பக்கம்

பல்லைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்க அங்கிள் என்று பிசியோதெரபிப் பெண் ஜெபா சொல்லி முடிப்பதற்குள் பட்டை என் தாடையை மேலே தூக்கிவிட்டது. நாக்கு நுனி மயிரிழையில் தப்பி உள்ளே போனது. இருபது நிமிஷம் பேசக் கூடாது, அசையக் கூடாது. பன்னிரண்டு நாளாக இதையேதான் சொல்கிறாள், பன்னிரண்டு நாளாக நானும் சரி என்று தலையாட்டப் பார்க்கிறேன், தலை ஆடுவதில்லை. உட்கார்ந்திருக்கிற என் உச்சிக்கு மேலே இரும்புச் சட்டத்தில் கயிறு ஓடுகிறது. கயிற்றின் மறுமுனை ஒரு பெட்டிக்குள் போகிறது. பதினைந்து நொடி இழுக்கும், ஐந்து நொடி விடும். இழுக்கும்போது பிடரிக்குள் தையல் பிரிகிற மாதிரி ஒரு சுகம், சுகம் என்றுதான் சொல்ல வேண்டும், விட்டதும் பழைய ஆள் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். இருபத்து மூன்று வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு வலி ஒரு ஆளாகத்தான் தெரிகிறது. எந்த ஸ்டாப்பில் ஏறினான் என்று தெரியாது. கடைசியில் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் உட்கார்ந்திருப்பான். மறுநாள் காலை வண்டியை எடுக்கும்போதும் அதே சீட்டில் இருப்பான். முதலில் தோள்பட்டை, பிறகு இடது கை, பிறகு கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் மரத்துப்போய், கியர் ராடைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. பார்க்கக் குனிந்தால் கழுத்து விடாது. நெஞ்சு என்று பயந்து என் மனைவி கோமு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சு நன்றாக இருக்கிறது என்றார்கள். அன்றைக்கு அதற்காகச் சந்தோஷப்பட்டோம், வரும் வழியில் அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். எதிரே சுவரில் முதுகெலும்பின் படம் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு எண், ரூட்டுக்கு ஸ்டேஜ் போட்ட மாதிரி. எனக்கு ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஜவ்வு விலகியிருக்கிறது. கீழே இடுப்பிலும் அதே கதை, அது தனி. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதுதான் இதிலுள்ள மோசம். கை ஒடிந்தவனுக்குக் கட்டு இருக்கிறது, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம், எனக்கு இருப்பது நேராக நிற்கிற ஒரு கழுத்து. கல்யாண வீட்டில் யாராவது பக்கவாட்டில் நின்று கும்பிட்டால் நான் திரும்புவதில்லை. ஆவுடையப்பனுக்கு வந்த திமிரைப் பார் என்று சொந்தக்காரர்களுக்குள் பேச்சு.

இடது பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. பட்டையை மாட்டும் முன் என் சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் ஜெபா அதன்மேல் எடுத்து வைத்தாள். மூக்குக்கண்ணாடி, செல்போன், இரண்டாக மடித்த ஒரு தாள். இங்கிருந்து எனக்கு நாற்காலி தெரியாது. படத்துக்கு மேலே கடிகாரம் தெரிகிறது, நாலு பத்து. ஐந்து மணிக்குள் அந்தத் தாளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் டிப்போ ஆபீசில் கொடுத்தாக வேண்டும், இன்றைக்கு விட்டால் மேல்முறையீட்டுக்கு நாள் கிடையாது. கொடுத்தால் எனக்கு மாற்றுப்பணி கிடைக்கலாம், டிப்போவுக்குள் உட்கார்ந்து டிரிப் ஷீட் எழுதுகிற வேலை. கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு மறுபடி ஸ்டியரிங். கோமுதான் எழுதினாள், நான் சொல்லச் சொல்ல. விசில் என்று வந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ரெண்டு வருஷமா எங்கிட்டகூடச் சொல்லலையே என்றாள். பிறகு கடைசி வரை எழுதி, கையெழுத்துப் போடுகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். போட்டேன். அவளிடம் நான் சொல்லாதது அவளுக்கு எப்படி இருந்திருக்கும். தைலம் தேய்த்துத் தேய்த்து அவள் உள்ளங்கை எரியும், தொட்டால் நான் கத்துவேன், கத்திவிட்டு அவள்மேலேயே எரிந்து விழுவேன். தலையணை வேண்டாம் என்று தூக்கிப் போட்டேன், பிறகு வேண்டும் என்றேன். அவளிடம் சொல்லாததை ஒருத்தன் தானாகவே தெரிந்துகொண்டான். இழுக்கிறது. இது சுகம். மாற்றுப்பணி கேட்டுப் போன மாதம் மெடிக்கல் போர்டுக்குப் போனபோது மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். கழுத்துப் பட்டையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டேன், ஏன் வைத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. இடது பக்கம் திருப்புங்க என்றார் நடுவில் இருந்தவர். திருப்பினேன். திரும்பாத கழுத்தைத் திருப்பினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது, முகத்தில் காட்டவில்லை. இன்ஸ்பெக்டர் ஏறும்போதெல்லாம், மேனேஜர் எதிரே வரும்போதெல்லாம் ஒளித்து ஒளித்துப் பழகின உடம்பு, காட்டியே ஆக வேண்டிய அன்றைக்கும் ஒளித்தது. நன்றாகத்தானே திரும்புகிறது என்றார் அவர். வயதுக்கு உண்டான தேய்மானம் என்று எழுதினார். எதற்கும் கூட வேலை பார்க்கும் கண்டக்டரிடம் ஒரு வாக்குமூலம் வாங்கி அனுப்பச் சொன்னார். அதைக் கேட்டு வெளியே வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் கண்டக்டர் சங்கரபாண்டி எழுதினால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

சட்டைப் பொத்தானில் விசில் தட்டுகிற சத்தம். இரும்பு விசில், கறுப்புக் கயிறு, நடக்கும்போது டிக் டிக் என்று தட்டும். பதினோரு வருஷம் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம். வந்திருக்கிறான். முதல் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறான், தோல்பை வாசனையும் டீசல் வாசனையும் அவனுக்கு முன்னால் உள்ளே வருகிறது. "என்ன அண்ணாச்சி, உரிச்ச ஆட்டைத் தொங்கவிட்ட மாதிரில்லா தொங்குதிய" என்கிறான். அவர் பேசக் கூடாது சார் என்கிறாள் ஜெபா. அவர் பேச வேண்டாம்மா, ரெண்டு பேருக்கும் நானே பேசிருவேன் என்கிறான், ஜெபா சிரிக்கிறாள், அடுத்த அறைக்குப் போகிறாள். பேசுகிறான். நாற்காலியில் இருந்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும், நாற்காலிக் கால் தரையில் தேய்கிறது. வழியில் எங்கேயோ பாலம் வேலை நடக்கிறதாம், கேன்டீனில் பழைய மாஸ்டர் திரும்ப வந்துவிட்டாராம், வடை இப்போது வடை மாதிரி இருக்கிறதாம். எனக்குச் சுவர் மட்டும் தெரிகிறது. மடியில் என் தாள் இருக்கிறது. அவன் கையும் அங்கேதான் இருக்கும். கண்ணை இடது ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், அவன் முழங்கால் மங்கலாகத் தெரிகிறது, அதற்கு மேல் இல்லை. நாலு பதினாறு.

என் கழுத்து திரும்பவில்லை என்று நான் அவனிடம் சொன்னதே கிடையாது. பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து இடது பக்கம் ஒடிக்கிற இடத்தில் நான் தலைக்குப் பதிலாகத் தோளைத் திருப்புவதை அவன் பின்படியில் நின்று பார்த்திருக்கிறான். பெரிய வண்டியில் டிரைவர் வலது ஓரத்தில் உட்கார்ந்திருப்பான், இடது பக்கம் ஒரு தெரு அளவுக்குத் தள்ளி இருக்கும், அங்கே சைக்கிளும் பைக்கும் கண்ணாடியில் விழாமல் ஒட்டிக்கொண்டே வரும், தலையைத் திருப்பிப் பார்த்தால்தான் உண்டு. அன்றைக்கு டீக்கடையில் அவன் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அதே திருப்பத்தில் பின்னாலிருந்து மூன்று குட்டை விசில் வந்தது. ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம், அது எல்லா வண்டிக்கும் உள்ளது. மூன்று என்று ஒன்று கிடையாது. எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. இடது பக்கம் காலி. ஸ்டியரிங்கை ஒடித்தேன். நீளமாக ஒன்று அடித்தால் ஆள் வருகிறது, பொறு. இவ்வளவுதான், உட்கார்ந்து பேசி முடிவு பண்ணியது இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என் கழுத்து அவன் வாயில் இருந்தது. ரோடு பிரிகிற ஒவ்வொரு விலக்கிலும், ரிவர்ஸ் எடுக்கும்போதும், ஸ்டாப்பிலிருந்து கிளம்பும்போதும். தினமும் ஏறுகிற கீரைக்காரம்மா ஒரு நாள், ஏலே நீ கண்டக்டரா கூத்துக்காரனா, ஊதிக்கிட்டே வாரியே என்று கேட்டாள். நான் கண்டக்டர்தான் ஆச்சி, உங்களுக்காகத்தான் ஊதுதேன் என்றான். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்தால் பிடரியில் குத்தும். எழுபது பேர் அவன் மூச்சில் போனார்கள், வந்தார்கள், ஒருத்தருக்கும் தெரியாது. அதை நினைத்து அப்போது எனக்குப் பயமில்லை, பெருமை மாதிரி ஏதோ இருந்தது. யாருக்கு இப்படி ஒருத்தன் வாய்ப்பான்.

விடுகிறது. வலி என்கிற அந்தப் பழைய ஆள் வந்து உட்கார்கிறான். பால் கேனை நினைக்கக் கூடாது என்று நினைத்ததும் பால் கேன் வருகிறது. சுரண்டை விலக்கு, காலை ஏழு மணி. படியில் ஒரு கிழவரைக் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தான் சங்கரபாண்டி, அவன் வாயில் விசில் இல்லை. விசில் வராததைக் காலி என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வந்தால்தான் காலி, எனக்குத் தெரியும், ஆனால் பின்னால் லாரிக்காரன் ஹார்னை அமுக்கிக்கொண்டு நின்றான், ஒடித்துவிட்டேன். நீள விசில் பாதியில் வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டியின் வயிற்றில் தகரம் உரசுகிற சத்தம், அவ்வளவுதான், மெதுவான சத்தம். இறங்கிப் பார்த்தால் பால்காரரின் பைக் சாய்ந்து கிடக்கிறது, அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, பின்னால் உட்கார்ந்து வந்த பெண் எழுந்து நிற்கிறாள், கேன் உருண்டு பால் தார் ரோட்டில் ஓடுகிறது. வெயில் இன்னும் ஏறவில்லை, அந்தப் பால் மிகவும் வெள்ளையாக இருந்தது. பால்காரர் திட்டினார். சங்கரபாண்டி பேசிச் சமாதானம் பண்ணினான். அந்தப் பெண் திட்டவில்லை. ஏன் பாக்கலை என்று கேட்டாள். கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி. நான் அவளுக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அன்று டிரிப் முடிந்ததும் இனிமே முடியாது வே, எழுதிக் கொடுத்துட்டு உக்காந்துருதேன் என்றேன். அவன் டீக் கிளாசை என் வலது கையில், மரத்துப்போகாத கையில் வைத்தான். "நான் இருக்கேம்லா" என்றான். அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. அன்றே எழுதிக் கொடுத்திருந்தால் என் கழுத்து எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகப் போயிருக்கும், யாருடைய வாக்குமூலமும் வேண்டியிருக்காது. அதற்கு அப்புறமும் எட்டு மாதம் ஓட்டினேன், அவன் இருக்கிறான் என்று.

முந்தாநாள் யூனியன் ஆபீசில் வாக்குமூலத்தின் நகலைப் படித்துக் காட்டினார்கள். ஒரே வரி. மேற்படி ஓட்டுநர் பணியின்போது கழுத்து வலி குறித்து என்னிடம் ஒருபோதும் தெரிவித்ததில்லை. கீழே அவன் கையெழுத்து, அந்த நீண்ட கால் போட்ட பா. இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். உண்மைதான். நான் தெரிவிக்கவில்லை. ஒரு பொய்கூட இல்லாமல் எழுதியிருக்கிறான், அதற்கு எவ்வளவு நேரம் யோசித்திருப்பான். பொய் எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றுகிறது, பிறகு இல்லை, அப்படியும் வலித்திருக்கும் என்று தோன்றுகிறது. உடம்பும் இப்படித்தான் செய்தது. இருபது வருஷம் கூடவே இருந்துவிட்டு ஒரு நாள் காலையில் யாரோ மாதிரி நின்றது. எதைக் கொடுக்கவில்லை நான் அதற்கு. ஆனால் உடம்பு எனக்கு நான் இருக்கேன் என்று சொன்னது இல்லை. திங்கட்கிழமை டூட்டி லிஸ்டையும் பார்த்தேன். என் பெயருக்கு நேரே வேறு கண்டக்டர். சங்கரபாண்டி வேறு ரூட்டுக்குக் கேட்டு மாறியிருக்கிறான். புது ஆளுக்கு மூன்று தெரியாது. அவனிடம் சொல்லவும் முடியாது, என்னவென்று சொல்வது. பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வருவேன், இடது பக்கம் ஒடிக்க வேண்டும், பின்னால் ஒரு சத்தமும் இருக்காது. தோளைத் திருப்புவேன். அது போதாது. தெரு அளவுக்குத் தள்ளி இருக்கிற அந்த இடத்தில் யாராவது இருப்பார்கள், இல்லாமலும் இருப்பார்கள். அந்தப் பெண் இருப்பாள். ஏன் பாக்கலை.

தாள் சரசரக்கிறது. மின்விசிறியா. மின்விசிறி என் வலது பக்கம் இருக்கிறது, காற்று அந்த மூலைக்குப் போகாது. வடை, பாலம், மாஸ்டர் என்று ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றிருக்கிறது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. கோமுவின் எழுத்து பெரிது, உருண்டை உருண்டையாக இருக்கும், இரண்டு பக்கம். சங்கரபாண்டி நிதானமாகப் படிக்கிறவன். முதல் பக்கத்தில் எக்ஸ்ரே, ஸ்கேன். திருப்பினால் விசில் வரும், அவன் பெயர் வரும், விலக்கு வரும், தேதி வரும். படிக்காதே என்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது, படி, நன்றாகப் படி என்றும் இருக்கிறது, பட்டை இரண்டையும் சொல்ல விடவில்லை. சரசரப்பு மறுபடி. திருப்பிவிட்டான். நாலு இருபத்தைந்து. இழுக்கிறது, பதினைந்து நொடி, விடுகிறது, ஐந்து, இழுக்கிறது. அவன் மூச்சு விடுவது கேட்கிறது. விசிலுக்கு முன்னால் இழுக்கிற மூச்சு எனக்குத் தெரியும், இது அது இல்லை.

"அண்ணாச்சி" என்கிறான். "தெரியும்னு எழுதுனா, தெரிஞ்சா ரெண்டு வருஷம் எழுபது பேரை ஏத்திக்கிட்டுத் திரிஞ்சேன்னு ஆபீசில கேப்பான். எனக்கு இன்னும் பதினாறு வருஷ சர்வீஸ் கிடக்கு." அடுத்த அறையில் யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே காலைத் தூக்குகிறார்கள். "வேற வண்டி கேட்டதுக்கு என்னைய ஏசாதிய. உங்க வண்டியில நின்னா விசில் அடிக்காம இருக்க என்னால முடியாது. அடிச்சா இனிமே அது தப்பு. அடிக்காம நிக்கவும் மாட்டேன்." அவன் அழுவானோ என்று பயந்தேன். அழவில்லை. கேன்டீன் மாஸ்டரைப் பற்றிப் பேசின அதே குரல்தான். எனக்குத் தாடை இறுகி, கீழ்ப்பல் மேல்பல்லோடு அரைகிறது. இப்போது பட்டை இல்லையென்றால் என்ன சொல்லியிருப்பேன். சரி வே, விடு என்று சொல்லியிருப்பேன். பதினோரு வருஷமாக எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன், போர்டு டாக்டரிடம்கூட அதைத்தான் கழுத்தால் சொன்னேன். பட்டை இருப்பது நல்லது. இன்னும் மூன்று நிமிஷம் இருக்கட்டும். அவனும் பதிலை எதிர்பார்க்கிற மாதிரி இல்லை. நான் பேச முடியாத நேரம் பார்த்து வந்தானோ, இல்லை, தற்செயலோ, தினமும் நாலு மணிக்கு இங்கே தொங்குவேன் என்று அவனுக்குத் தெரியும். தெரியும். எல்லாமே தெரியும் அவனுக்கு.

பெட்டியில் மணி அடித்தது. ஜெபா வந்து கயிற்றைத் தளர்த்தி, பட்டையைக் கழற்றினாள். கொஞ்ச நேரத்துக்குத் தலை என்னுடையது இல்லாத மாதிரி லேசாக இருக்கும், அதற்குள் எழுந்து நின்றுவிட வேண்டும் என்று பழகியிருக்கிறேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை லீவு அங்கிள், குனிஞ்சு எதையும் எடுக்காதீங்க என்றாள். சங்கரபாண்டி எழுந்து நின்று ஒவ்வொன்றாக நீட்டினான். மூக்குக்கண்ணாடி. செல்போன். தாள். இரண்டாக மடித்து வைத்த தாள் நீளவாக்கில் மெல்லிசாக மடிந்திருந்தது, ரூபாய் நோட்டை விரலிடுக்கில் செருகக் கண்டக்டர்கள் மடிக்கிற மடிப்பு. அவனுக்கு அது தெரிந்திருக்காது, கை செய்தது. அவன் முகத்தைப் பார்த்தேன், இன்று முதல் முறையாக. சவரம் செய்து மூன்று நாள் இருக்கும். நான் தாளை அப்படியே பையில் வைத்துக்கொண்டேன். போலாமா என்றான். ம் என்றேன்.

வாசலில் இறங்கி ரோட்டோரம் வந்தோம். எதிர்ச்சாரியில் டிப்போ கேட் திறந்திருந்தது. சுவர்க் கடிகாரம் நாலு முப்பத்தைந்து காட்டும்போது கிளம்பினோம், நேரம் இருந்தது. அவன் பைக் வேப்பமரத்தடியில் நின்றது, அதை எடுக்கப் போகாமல் எனக்கு இரண்டு அடி பின்னால் இடது பக்கம் நின்றான். வலது பக்கம் பார்த்தேன். ஒரு டவுன் பஸ் போனது, டிரைவர் கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன். பிறகு ஒன்றும் இல்லை. பின்னால் பொத்தானில் விசில் தட்டியது, மூச்சு இழுபட்டது, குட்டையாக மூன்று கேட்டது.

நான் காலை எடுத்து வைக்கவில்லை. செருப்போடு ஒரு பாதம், அடுத்த பாதம் என்று நகர்த்தி, இடுப்பையும் தோளையும் சேர்த்து, உடம்பு முழுவதையும் இடது பக்கம் திருப்பி, ரோட்டைக் கடைசி வரைக்கும் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. மறுபடி டிப்போவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ரோட்டில் இறங்கினேன்.